பனிச்சுமையால் மரம் வீட்டை நோக்கிச் சாயும்போது

இரவு முழுவதும் கொட்டிய ஈரப்பனி விடியற்காலையில் ஓய்ந்திருக்கும். யன்னல் திரையை விலக்கினால், நேற்றுவரை கூரைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் நின்ற மேப்பிள் கிளை இன்று கூரைப்பீலியில் படுத்துக் கிடக்கும். ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வீடு வாங்கிக் குடியேறிய நம்மவர்கள் பலருக்கும் இது பழகிய காட்சிதான். உடனே சப்பாத்தை மாட்டிக்கொண்டு தும்புத்தடியுடன் வெளியே ஓடத் தோன்றும். அதற்கு முன் ஐந்து நிமிடம் யன்னலருகே நின்று மூன்று இடங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்: தெருக்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் மின்கம்பி, மரத்தின் உச்சியில் முறிந்தும் விழாமலும் தொங்கும் கிளைகள், அடிமரம் மண்ணைச் சந்திக்கும் இடம்.

கம்பியில் கிளை சாய்ந்திருந்தாலோ கம்பி அறுந்து கிடந்தாலோ அந்தப் பக்கம் போகவே கூடாது. ஒன்ராறியோவில் சொல்லப்படும் குறைந்தபட்ச இடைவெளி 10 மீற்றர், அதாவது ஒரு பள்ளிப் பேருந்தின் நீளம். விழுந்த கம்பி பனிக்குள் புதைந்து கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கலாம். தெரு முழுவதும் இருண்டிருந்தாலும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பிவிட முடியாது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஈரக்கிளையும் கம்பி வேலியும் மின்சாரத்தைக் கடத்தக்கூடும். அறுந்த கம்பி என்றால் 911ஐ அழைத்து, மின்வழங்கும் நிறுவனத்துக்கும் அறிவியுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: கம்பியைத் தாங்கி வீட்டுச் சுவரில் நிற்கும் குழாய் பொதுவாக வீட்டுக்காரரின் பொறுப்பு. கிளை விழுந்து அந்தக் குழாய் பிடுங்கப்பட்டால், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு அதைச் சரிசெய்த பின்னரே மின்சாரம் திரும்பும். 2013 டிசம்பர் உறைமழையில் ரொறன்ரோவில் ஏறத்தாழ 3 இலட்சம் இணைப்புகள் மின்சாரம் இழந்தபோது, பக்கத்து வீடுகளில் விளக்கெரிந்த பின்னும் சிலர் இருட்டில் காத்திருக்க நேர்ந்தது இதனால்தான்.

கம்பி இல்லாத பக்கம் என்றால், அடுத்ததாக மரத்தின் மேல் இருப்பது எவ்வகைப் பனி என்று பாருங்கள். புதிதாக விழுந்த உலர்பனி ஒரு கனமீற்றருக்கு 50 முதல் 100 கிலோ எடைதான் இருக்கும். காற்றடித்தால் தானாகவே உதிர்ந்துவிடும். கையில் பிடித்தால் உருண்டையாகத் திரளும் ஈரப்பனியோ 200, 300 கிலோவையும் தாண்டும். உறைமழை பூசிவிட்டுப் போகும் பனிக்கட்டி கனமீற்றருக்கு 900 கிலோவுக்கு மேல். அது கிளையின் ஒவ்வொரு சுள்ளியையும் கண்ணாடிக் குழாய்போல் மூடிக்கொண்டிருக்கும். உலர்பனியை அப்படியே விட்டுவிடலாம். எட்டக்கூடிய உயரத்திலுள்ள ஈரப்பனியைத் தட்டிவிடலாம். பனிக்கட்டியைத் தொடவே கூடாது. குளிரில் விறைத்த கிளை வளைவதற்குப் பதிலாக முறிந்துவிடும் என்பதால், கட்டியை உடைக்கிறோம் என்று தடியால் அடிப்பவர் கிளையையே உடைப்பார். வெந்நீர் ஊற்றுவது இன்னும் மோசம். மரத்துக்கும் கேடு, காலடியில் சறுக்குத்தளமும் உருவாகும்.

ஈரப்பனியை அகற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. வேலியோரம் வளர்க்கும் வெள்ளைச் சீடர் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். பனி ஏறியதும் அதன் தண்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, விரித்த விசிறிபோல் நாலாபுறமும் சாயும். தும்புத்தடியைக் கிளைக்குக் கீழே கொடுத்து, மெல்ல மேல்நோக்கி உயர்த்தி உயர்த்தி விடுங்கள். பனி பொத்தென்று விழும், கிளை சற்றே எழும். கீழ்க்கிளையிலிருந்து தொடங்கி மேலே போனால், மேலிருந்து விழும் பனியைத் தாங்க அது தயாராக இருக்கும். மேலிருந்து கீழ்நோக்கி அடிப்பது ஏற்கெனவே உள்ள சுமையோடு உங்கள் கைப்பலத்தையும் சேர்ப்பதாகும். மரத்தைப் பிடித்து உலுக்குவதும் வேண்டாம். எல்லாவற்றையும் தட்டிவிட்ட பின்னும் கிளை வளைந்தே நின்றால், கயிறு கட்டி அன்றே நிமிர்த்த முயலாதீர்கள். பேர்ச்சும் சீடரும் பல நாட்களில் தாமாகவே பெருமளவு நிமிரக்கூடியவை.

ஏணி மட்டும் வேண்டாம். பனித்தரையில் நிற்கும் ஏணி ஒருபுறம் சறுக்கும். நீங்கள் அதைச் சாய்த்து வைத்த கிளையோ சுமை இறங்கியதும் மேலெழுந்து ஏணியைக் கைவிட்டுவிடும். வளைந்து தரையில் சிக்கியிருக்கும் தண்டும் அப்படித்தான்: வில்லின் நாண்போல் இழுபட்டு நிற்கும் அதை வாளால் தொட்ட கணமே முகத்தில் அறையும். சங்கிலி வாளை வாடகைக்கு எடுத்து வந்து அன்றுதான் முதன்முறையாக இயக்கிப் பார்ப்பவர்களை ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் காண்கிறேன். அவர்களின் துணிச்சலைப் பாராட்ட மனம் வருவதில்லை.

தூரத்தில் நின்றபடி மரத்தையும் படித்தறியலாம். இரண்டு பெருங்கிளைகள் ஆங்கில ‘வி’ எழுத்துப்போல் நெருக்கமாகப் பிரியும் கவட்டில், இடையே பட்டை அகப்பட்டு, இணைப்பு பலவீனமாக இருக்கும். அங்கே புதிதாக ஒரு வெளிறிய கோடு தெரிந்தால் பிளவு தொடங்கிவிட்டது என்று பொருள். அடிமரத்தின் ஒரு பக்கத்தில் பனியும் மண்ணும் மேடாக எழும்பி, எதிர்ப்பக்கத்துக்கு மரம் நேற்றைவிடச் சாய்ந்திருந்தால் வேர் விட்டுக்கொண்டிருக்கிறது. அப்போது மரம் விழக்கூடிய பக்கத்து அறைகளிலிருந்து எல்லாரையும் வெளியேற்றுங்கள். பெருமரமானால் வீட்டையே விட்டு அயலவர் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. கூரையில் ஏற்கெனவே கிளை விழுந்திருந்தாலும் அதற்கு நேர்கீழுள்ள அறையில் யாரும் படுக்க வேண்டாம். படம் எடுத்து, காப்புறுதி நிறுவனத்தை அழைத்துவிட்டு, பிறகு அகற்றும் ஏற்பாட்டைப் பாருங்கள்.

புயல் ஓய்ந்த மறுநாளே, லொறியில் வாளுடன் வந்து கதவைத் தட்டுபவர்கள் இருப்பார்கள். முழுப்பணத்தையும் முன்கூட்டியே கேட்பவரையும், மரத்தின் தலையை மொட்டையடித்தால் ஆபத்துப் போய்விடும் என்பவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மொட்டையடித்த இடத்தில் அடர்ந்து முளைக்கும் தளிர்க்கிளைகள் பலமற்ற பிடிப்போடு வளர்ந்து, சில வருடங்களில் முன்னதைவிடப் பெரிய ஆபத்தாகும். சான்றிதழ் பெற்ற மரவல்லுநரா, பொறுப்புக் காப்புறுதி உண்டா, ஒன்ராறியோவின் வேலைத்தல விபத்துக் காப்புறுதிச் சபையின் சான்றுக் கடிதம் உண்டா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

வெட்டுவதற்கும் சட்டம் உண்டு. ரொறன்ரோவில், தரையிலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் 30 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல் விட்டமுள்ள மரத்தை, அது உங்கள் வளவுக்குள் நின்றாலும், நகரசபையின் அனுமதியின்றி அகற்ற முடியாது. அளவுநாடாவைச் சுற்றிப் பிடித்தால் ஏறத்தாழ 94 சென்ரிமீற்றர் வரும். உடனடி ஆபத்தான மரத்துக்கு விலக்கு உண்டு. ஆயினும் படங்களை எடுத்துவைத்து, நகரசபையின் 311 தொலைபேசி எண்ணில் பேசிய பின் வெட்டுவதே பாதுகாப்பு. வீதியோரத்தில் நிற்பது நகரசபையின் மரமானால் அதே எண்ணில் முறையிடுங்கள். எல்லைக்கோட்டில் அடிமரம் நின்றால், ஒன்ராறியோ வனச் சட்டப்படி அது இரு வீட்டாருக்கும் பொதுச்சொத்து; அயலவரின் சம்மதமின்றி அதைச் சேதப்படுத்துவது குற்றம். கதியால் தள்ளிப் போட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

உண்மையான வேலை இலையுதிர் காலத்துக்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும். இலை நிற்கும்போது பட்ட கொப்பை அடையாளம் காண்பது எளிது. அதனால் கோடையில் ஒருமுறை மரவல்லுநரைக் கூப்பிட்டுக் கூரைக்கு மேல் நிற்பவற்றைக் காட்டுங்கள். மரகதச் சாம்பல்மரத் துளைப்பான் என்னும் வண்டு 2007இல் ரொறன்ரோவில் கண்டறியப்பட்டதிலிருந்து, ஆங்கிலத்தில் ‘ஆஷ்’ எனப்படும் சாம்பல் மரங்கள் பெருமளவில் பட்டுப்போயின. உங்கள் வளவில் அப்படி ஒன்று நின்றால் அடுத்த பனிக்கு அதை விட்டுவைக்காதீர்கள். பலவீனமான கவடுள்ள நல்ல மரத்தை வெட்டாமலே உருக்குக் கம்பியால் இணைத்துக் காக்கலாம்; வீட்டின் மேல் சாய்ந்த தென்னையை ஊரில் கம்பி இழுத்துக் கட்டிவைப்பதைப் போன்றதுதான், ஆனால் கம்பியைச் சுற்றிக் கட்டி மரத்தை நெரிக்காமல், உயரம் கணித்துப் பொருத்த வேண்டியது வல்லுநரின் வேலை.

வசந்தத்தில் மண் இளகியதும் சாய்ந்த மரங்களை மீண்டும் ஒருமுறை பாருங்கள். குளிரில் உறைமண் பிடித்து வைத்திருந்த வேர் அப்போதுதான் நழுவும். அதுவரை நிமிராத சீடர்த் தண்டுகளை அகலமான மென்பட்டியால் ஒன்றோடொன்று தளர்வாகக் கட்டி, ஒரு பருவம் கழிந்ததும் மறவாமல் அவிழ்த்துவிடுங்கள்.