வாக்குத்தத்த வசனத்தை முழுசாகப் படியுங்கள்

டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குக் கிளம்பும் முன், போன வருஷம் சபையில் வாங்கிய, அந்த வருஷத்துக்கான தேவனுடைய வாக்காக ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையைத் தேடி எடுங்கள். எங்கள் வீட்டில் அது அம்மாவின் வேதாகமத்துக்குள் எண்ணெய்க் கறையோடு இருக்கும். அந்த ஒரு வசனத்தோடு நிறுத்தாமல் அதிகாரம் முழுவதையும் சத்தமாக வாசியுங்கள்.

அட்டையில் இருப்பது, எதிர்பார்த்திருக்கும் முடிவைத் தருவேன் என்கிற எரேமியா 29:11 என்றால் 10-ஆம் வசனத்தையும் பாருங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. 70 வருஷம் ஆகும் என்று சொன்ன பிறகுதான் தேவன் நல்ல முடிவைப் பற்றிப் பேசுகிறார். அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறார். கேட்டது இன்னும் கிடைக்காதவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஒரு நோட்டில், நடக்காத காரியங்களையும் எழுதி, கீழே, கர்த்தருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்கிற புலம்பல் 3:22, 23-ஐ எழுதி ஜெபியுங்கள். அழுகை வந்தால் அடக்காதீர்கள். எருசலேம் இடிந்து கிடந்த துக்கத்தில் பிறந்த வசனம் அது.