‘டோன்ட் மிஸ்டேக் மீ’ என்று சொல்லலாமா? மிஸ்டேக் என்ற சொல்லில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிஸ்டேக் என்ற சொல் தெரியாதவர்கள் நம்மிடையே அநேகமாக இல்லை. அதனாலேயே அதை யாரும் அகராதியில் தேடிப் பார்ப்பதும் இல்லை, தமிழில் ‘தப்பு’ வருகிற இடத்திலெல்லாம் அப்படியே தூக்கி வைத்துவிடுகிறோம். பல இடங்களில் அது பொருந்திவிடும். பொருந்தாத சில இடங்கள்தான் நம்மைக் காட்டிக்கொடுக்கின்றன.

அதில் முதலாவது ‘ஐ டிட் எ மிஸ்டேக்’. தமிழில் வேலையும் பண்ணுகிறோம், முடிவும் பண்ணுகிறோம், தப்பும் பண்ணுகிறோம், எல்லாவற்றுக்கும் ஒரே வினை போதும். ஆங்கிலத்தில் இந்த ஒரு வினையின் இடத்தை ‘டூ’, ‘மேக்’ என்று இரண்டு பங்கிட்டுக்கொள்கின்றன, மிஸ்டேக் எப்போதும் ‘மேக்’ பக்கம்தான். ஆகவே ‘ஐ மேட் எ மிஸ்டேக்’. நடுவில் வரும் அந்தச் சின்ன ‘எ’வையும் விட்டுவிடாதீர்கள், மிஸ்டேக் எண்ணக்கூடிய பெயர்ச்சொல். ‘கமிட்’ போட்டால் கெத்தாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது கொலை, திருட்டு போன்ற குற்றங்களோடு அதிகம் வருகிற வினை, ஒரு கூட்டல் பிழைக்கு அவ்வளவு கனம் வேண்டாம்.

அடுத்தது, நான் அதிகம் கேட்கிற ‘டோன்ட் மிஸ்டேக் மீ’. ‘என்னைத் தப்பா நினைக்காதீங்க’ என்பதை வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் இதுதான் வரும். பழைய ஆங்கில எழுத்துகளில் இந்தப் பொருளில் வந்திருக்கிறது என்பதால் இதை அடியோடு தவறு என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் இன்றைய பேச்சில் இது விநோதமாகவே ஒலிக்கும். ‘டோன்ட் கெட் மீ ராங்’ என்றோ ‘ப்ளீஸ் டோன்ட் மிஸ்அண்டர்ஸ்டாண்ட் மீ’ என்றோ சொல்லுங்கள். மிஸ்டேக் வினையாக வரும்போது இன்று பெரும்பாலும் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்வதைக் குறிக்கும், கூடவே ‘ஃபார்’ வரும். உங்களை உங்கள் அண்ணன் என்று நினைத்து ஒருவர் பேசினால், ‘ஹி மிஸ்டுக் மீ ஃபார் மை பிரதர்’. இறந்தகாலம் மிஸ்டுக், ‘மிஸ்டேக்ட்’ என்று ஒன்று கிடையாது. சொல்லின் பிறப்பும் இதைத்தான் சொல்கிறது: பழைய நார்ஸ் மொழியின் ‘மிஸ்டாகா’விலிருந்து வந்தது, தவறாக எடுத்துக்கொள்வது என்று பொருள்.

‘ஐ ஆம் மிஸ்டேக்கன்’ என்றால் என்னைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, நான் நினைத்ததுதான் தவறு என்று பொருள். இது ரொம்ப உபயோகமான சொல். ஒருவரிடம் ‘யூ ஆர் ராங்’ என்று முகத்துக்கு நேரே சொல்வதைவிட, ‘இஃப் ஐ ஆம் நாட் மிஸ்டேக்கன்’ என்று ஆரம்பித்துச் சரியான தகவலைச் சொன்னால் விஷயமும் போய்ச் சேரும், அவர் மனசும் நோகாது.

‘தவறுதலாக’ என்பதற்கு ‘பை மிஸ்டேக்’ போதும். ‘பை மிஸ்டேக்கன்லி’ வேண்டாம். ‘மிஸ்டேக்கன்லி’யைத் தனியாகப் போடலாம், ‘பை’யோடு சேர்க்கக் கூடாது.

அப்புறம் ‘எரர்’, ‘ஃபால்ட்’ இரண்டும். எரர் என்பது திரிவது, வழி தவறுவது என்ற பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்தது. இயந்திரம், கணக்கு, அளவு என்று வந்தால் அதுதான் பொருத்தம், கணினித் திரையில் வருவது எரர் மெசேஜ், யாரும் மிஸ்டேக் மெசேஜ் என்று சொல்வதில்லை. மொழியியலாளர் பிட் கார்டர் 1967இல் எழுதிய கட்டுரையில் இன்னொரு வேறுபாட்டைக் காட்டினார்: விதி தெரிந்தும் களைப்பிலோ அவசரத்திலோ நாக்குப் பிசகினால் மிஸ்டேக், விதியே இன்னும் மனதில் படியாததால் திரும்பத் திரும்ப வந்தால் எரர். பேச்சு வழக்கில் இவ்வளவு கறாராகப் பிரிப்பதில்லை, ஆனால் மொழி கற்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல் என்று நினைக்கிறேன், எதைத் திருத்தினால் போதும், எதைப் புதிதாகக் கற்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறதே.

ஃபால்ட் என்பது பெரும்பாலும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி. பேருந்து தாமதமாக வந்ததால் நீங்களும் தாமதமாகப் போனால் ‘என் தப்பு இல்லை’ என்பீர்கள் அல்லவா? அங்கே ‘இட் இஸ் நாட் மை ஃபால்ட்’. நீங்களே தேதியை மாற்றிக் குறித்துவைத்திருந்தால், ‘சாரி, மை மிஸ்டேக்’.