கன்றுப்பட்டிக்கு நரி வந்தால்: நஞ்சில்லாமல் தடுக்கும் வழி

மாரி வேளாண்மை தொடங்கியதும் மட்டக்களப்பின் படுவான்கரை மாடுகள் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகளுக்குப் போய்விடும். அங்கே கன்று போடும் பசுக்களைச் சுற்றித்தான் நரி நிற்கும். செத்த கன்றில் நஞ்சு தடவி வைத்தால் நரி மட்டுமா சாகும்? கீரி, பருந்து, உங்கள் பட்டி நாய் எல்லாமே சாகும். காலியான இடத்துக்கு வேறு நரிச்சோடி வந்து சேரும்.

முதலில் கொன்றது எது என்று பாருங்கள். கடிபட்ட இடத்தில் தோலை உரியுங்கள். அடியில் இரத்தம் கட்டிக் கறுத்திருந்தால் உயிரோடு கடிபட்டது. வெளிறிக் கிடந்தால் கன்று முன்பே செத்துவிட்டது, நரி பிறகு வந்து தின்றிருக்கிறது. நரிமேல் விழும் பழி பல இங்கேயே கழன்றுவிடும். தொண்டையில் ஆழமான பல்துளையும் இழுத்துப்போன தடமும் இருந்தால் சிறுத்தை. ஒரே இரவில் பல ஆடுகள் காதிலும் பின்தொடையிலும் தாறுமாறாகக் கிழிபட்டு, தின்னாமல் கிடந்தால் பெரும்பாலும் ஊர்நாய். காலடியில் நகம் பதிந்தால் பூனையினம் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். கொடுப்புலிக்கு, அதாவது மீன்பிடிப் பூனைக்கு, நகம் முழுதாக உள்ளே போகாது, சேற்றில் பதியும்.

இளங்கன்றுகளைப் பொழுதுபட முன் அடையுங்கள். பத்துக் கன்றுக்கு 12 அடிக்கு 12 அடி போதும். 2 அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை, நிலத்துக்கு மேல் 6 அடி. பிழை விடுவது அடிப்பக்கத்தில்தான். நரி வேலியோரம் தோண்டித்தான் நுழையும். ஆகவே வலையில் இன்னும் 1½ அடி கூடுதலாக விட்டு, அதை வெளிப்பக்கம் மடித்து நிலத்தோடு படுக்கவைத்து, மண்ணும் கல்லும் ஏற்றுங்கள். குழிவெட்டி நேரே புதைப்பதைவிட இது லேசு. பிறாண்டும் இடத்திலேயே வலை தட்டுப்படும். படலைக்குக் கீழே 3 அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். மழை மண்ணை அரிக்கும், கிழமைக்கொருக்கா சுற்றிப் பாருங்கள். சிறுத்தைக்கு 6 அடி ஒரு தடையே இல்லை. அது நடமாடும் இடமென்றால் மேலேயும் வலை போடவேண்டும். வலை கொண்டுபோக வசதியில்லாவிட்டால் சூரைமுள் கொப்புகளை வெட்டிய அடி உள்ளேயும் நுனி வெளியேயும் பார்க்க நெருக்கி அடுக்குங்கள். காய்ந்தால் அமுங்கும், மேலே புதுக்கொப்பு போட்டபடி இருக்கவேண்டும்.

கன்று போட்டபின் விழும் இளங்கொடியை வெளியில் எறிவதுதான் நரியை அழைக்கும் வேலை. சாக்கில் கட்டி ஆலமரத்தில் உயரத் தூக்கும் பழைய வழக்கம் இதற்கு நல்லது. புதைப்பதென்றால் 3 அடி ஆழம், மேலே கல். பள்ளக்காணியில் மாரிக்குக் குழி நீரூறும், மேட்டில் வெட்டுங்கள்.

பட்டி நாய்களுக்கு ஆண்டுதோறும் விசர்நாய்த் தடுப்பூசி போடுங்கள்; நரிக்கும் அதே நோய்தான். விலங்குகள் தவறி விழாமல், கட்டில்லாத கிணற்றுக்கு 3 அடி கட்டு எழுப்புங்கள். குளக்கரையில் பன்னும் நாணலும் ஒரு பட்டையாக நிற்கட்டும். மீனும் எலியும் அங்கே கிடைத்தால் கொடுப்புலிக்கு உங்கள் கோழி அவ்வளவு தேவைப்படாது.

கம்பிச் சுருக்கு, ஹக்கபட்டாஸ் (இரைக்குள் மறைத்து வைக்கும் வெடி) இரண்டும் வேண்டவே வேண்டாம். லைனில் நேரே 230 வோல்ட் இழுத்த வேலி யானையையும் கொல்லும், விடியப்புறம் பால் கறக்க வருபவரையும் கொல்லும்.

பட்டிக்குள் விலங்கு அகப்பட்டுவிட்டால் ஆட்களையும் நாய்களையும் விலக்கி, படலையைத் தூரத்திலிருந்து கயிறால் இழுத்துத் திறந்துவிடுங்கள். காயம்பட்டிருந்தாலோ சிறுத்தை என்றாலோ படலையில் கை வைக்காமல் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள்.