மார்பகக் கட்டியின் மரபணுப் பட்டியல்: முதலில் கொழுப்பைக் கழியுங்கள்

என்னிடம் மதிப்பீட்டுக்கு வரும் முதுகலை ஆய்வேடுகளில் பல ஒரே அச்சில் வார்த்தவை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மார்பகப் புற்றுநோய்த் தரவை இறக்குகிறார்கள். கட்டியையும் இயல்பான திசுவையும் ஒப்பிடுகிறார்கள். கூடிய மரபணுக்களையும் குறைந்தவற்றையும் புள்ளிகளாகக் காட்டும் ஒரு எரிமலை வரைபடத்தைச் சிவப்பும் நீலமுமாகப் போடுகிறார்கள். கடைசியில் ஐந்து மரபணுக்களைப் பொறுக்கி, 'புதிய உயிர்க்குறியீடுகள்' (நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள்) என்று அறிவித்துவிடுகிறார்கள். கணக்கில் பிழை இருக்காது. ஆனால் அந்த ஐந்தில் சில கொழுப்புச் செல்லின் மரபணுக்களாக இருக்கும். மற்றவை, செல் பிரியும்போதெல்லாம் எந்தத் திசுவிலும் கூடுபவையாக இருக்கும். இவ்விரண்டையும் கழித்த பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பதற்குத்தான் இந்தக் குறிப்புகள்.

ஆர் என்னும் புள்ளியியல் நிரல்மொழியில் ஓர் அட்டவணையைத் திறக்கத் தெரிந்த மாணவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். சிகிச்சை பற்றி முடிவெடுக்க வேண்டிய நோயாளியோ அவர் வீட்டாரோ இதைப் படிக்க நேர்ந்தால், உங்கள் கேள்விக்கு விடை இங்கே இல்லை; உங்கள் மருத்துவரிடம்தான் இருக்கிறது.

கேள்வியை முதலில் எழுதுங்கள்

'மார்பகப் புற்றுநோயில் எந்த மரபணுக்கள் மாறுகின்றன?' என்பது கேள்வியே ஆகாது. மார்பகப் புற்றுநோய் என்பது ஒற்றை நோயும் அன்று. 2000-ஆம் ஆண்டில் சார்லஸ் பெரூவும் ஸ்டான்ஃபோர்டு, நார்வே ஆய்வாளர்களும் 42 பேரின் திசுக்களை மைக்ரோஅரேயில் (ஆயிரக்கணக்கான மரபணுக்களின் ஆர்என்ஏ அளவை ஒருங்கே காட்டும் சில்லு) அளந்தபோது, மரபணு வெளிப்பாட்டை, அதாவது ஒவ்வொரு மரபணுவிலிருந்தும் எவ்வளவு ஆர்என்ஏ உருவாகிறது என்பதை மட்டும் வைத்தே கட்டிகள் தனித்தனிக் குழுக்களாகப் பிரிந்தன. ஒரே நோயாளியிடமிருந்து கீமோதெரபிக்கு முன்னும் பின்னும் எடுத்த மாதிரிகளில் பெரும்பாலானவை, வேறு எவருடைய கட்டியையும்விட ஒன்றையொன்று அதிகம் ஒத்திருந்தன. லூமினல் ஏ, லூமினல் பி, ஹெர்2 மிகுந்தது, பேசல் வகை என்று இன்று சொல்லும் பிரிவுகளுக்கு வேர் அங்கேதான். 2009-இல் வந்த பாம்50, ஐம்பது மரபணுக்களைக் கொண்டு இந்தப் பிரிவைச் செய்கிறது.

ஆகவே கேள்வியைக் குறுக்குங்கள். 'ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள கட்டிகளுக்குள், நிணநீர்க் கணுவுக்குப் பரவியவற்றிலும் பரவாதவற்றிலும் என்ன வேறுபாடு?' என்பது கேள்வி. ஒரே வாக்கியத்தில் எழுத முடியவில்லை என்றால் தரவை இறக்காதீர்கள்.

தரவு

தொடங்குவதற்கு அமெரிக்காவின் டிசிஜிஏ என்னும் புற்றுநோய் மரபணுத்தொகைத் திட்டத்தின் மார்பகத் தொகுப்பே போதும். ஏறத்தாழ 1,100 கட்டிகளும், அதே நோயாளிகளில் சிலரிடமிருந்து எடுத்த நூற்றுக்குச் சற்று மேற்பட்ட இயல்பான திசு மாதிரிகளும் அதில் உள்ளன. அந்தத் தரவை வழங்கும் ஜிடிசி தளத்தில் ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு கோப்பு கிடைக்கும். கோப்பில் 60,660 மரபணு வரிசைகள் இருக்கும். அவற்றுக்கு மேலே எந்த மரபணுவிலும் சேராத ஆர்என்ஏ துண்டுகளின் கணக்காக நான்கு வரிகள் இருக்கும். அந்த நான்கையும் நீக்க மறந்தவர்களின் வரைபடத்தைப் பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்துவிடும்.

மாதிரியின் அடையாளக் குறியீட்டில் நான்காவது பகுதியைப் பாருங்கள். 01 என்று தொடங்கினால் முதன்மைக் கட்டி, 06 என்றால் வேறிடத்துக்குப் பரவிய கட்டி, 11 என்றால் இயல்பான திசு. 06-ஐத் தனியே எடுத்து வையுங்கள். சில ஆண் நோயாளிகளும் இந்தத் தொகுப்பில் உண்டு. அவர்களைக் கண்டுபிடிக்க பெண்களின் ஒரு எக்ஸ் குரோமோசோமை அடக்கிவைக்கும் எக்ஸ்ஐஎஸ்டி மரபணு குறைவாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பேசல் வகைக் கட்டிகள் பலவற்றில் பெண்களிடமும் அது குறைந்துவிடுகிறது, ஏனெனில் அடங்கிக் கிடக்கும் எக்ஸ் குரோமோசோமே அங்கு இழக்கப்படுகிறது. ஒய் குரோமோசோமின் மரபணுக்களையும் சேர்த்துப் பாருங்கள்.

கோப்பில் பல பத்திகள் இருக்கும். சீர்செய்த மதிப்புகளான டிபிஎம், எஃப்பிகேஎம் என்ற பெயர்கள் அழகாக இருக்கின்றன என்று அவற்றை எடுக்காதீர்கள். மரபணு வெளிப்பாட்டை ஒப்பிடும் டெஸெக்2, எட்ஜ்ஆர் போன்ற கருவிகளுக்கு வேண்டியது முழு எண்களாக உள்ள மூல எண்ணிக்கை. சீர்செய்த மதிப்புகளைக் கொடுத்தால் அவற்றின் புள்ளியியல் அடிப்படையே ஆட்டம் காண்கிறது. இன்னொன்று: அட்டவணையை எக்செலில் திறந்து சேமிக்காதீர்கள். செப்டின், மார்ச் குடும்ப மரபணுக்களின் பழைய பெயர்களை அது தேதிகளாக மாற்றிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல்தான் 2020-இல் மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அவற்றின் பெயர்களையே மாற்றியது. மென்பொருளுக்காக மனித மரபணு பெயர் மாறிய கதை!

தெரிந்ததைக் கொண்டு தெரியாததைச் சோதியுங்கள்

புதியதைத் தேடும் முன், விடை தெரிந்த கேள்விகளைத் தரவிடம் கேளுங்கள். இந்தப் படியைத் தாண்டிச் செல்லும் ஆய்வேட்டை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

நோயியல் அறிக்கையில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி 'உண்டு' என்று குறித்த மாதிரிகளில் ஈஎஸ்ஆர்1 மரபணு உயர்ந்திருக்க வேண்டும். அதனுடன் காட்டா3, ஃபாக்ஸ்ஏ1 இரண்டும் எழ வேண்டும். பேசல் வகையில் இவை தாழ்ந்து, கெரட்டின் 5, 14, 17 மரபணுக்கள் எழ வேண்டும். ஹெர்2 புரதத்துக்கான ஈஆர்பிபி2, 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. கட்டியில் அந்தப் பகுதி பல பிரதிகளாகப் பெருகும்போது, பக்கத்து மரபணுக்களான ஜிஆர்பி7, ஸ்டார்டி3 ஆகியவையும் சேர்ந்தே பெருகும். ஒரு மாதிரியில் ஈஆர்பிபி2 வானளாவ உயர்ந்து ஜிஆர்பி7 அசையாமல் இருந்தால், மாதிரியைச் சந்தேகியுங்கள். ஹெர்2 கட்டிகளை ஒப்பிடும்போது அந்தப் பகுதியில் இருக்கும் ஏதோ ஒரு மரபணு பட்டியலின் உச்சியில் வந்தால், அதைக் கண்டுபிடிப்பாக எண்ணவும் வேண்டாம். அது பக்கத்து வீட்டில் குடியிருப்பதால் வந்திருக்கிறது.

பிறகு, ஒத்த மாதிரிகளை அருகருகே காட்டும் பிசிஏ வரைபடம். முதல் அச்சு பெரும்பாலும் கட்டியையும் இயல்பையும் பிரிக்கும். கட்டிகளை மட்டும் வைத்து மறுபடி வரைந்தால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளவையும் இல்லாதவையும் பிரியும். மாதிரிகள் மருத்துவமனை வாரியாகவோ ஆய்வகத் தட்டு வாரியாகவோ பிரிந்தால் நின்றுவிடுங்கள். அந்த வேறுபாட்டைப் புள்ளியியல் சமன்பாட்டில் ஒரு காரணியாகச் சேர்க்காமல் மேலே போகக் கூடாது.

ஒப்பீட்டில், ஒரே நோயாளியின் கட்டியும் இயல்பும் இருந்தால் இணையாகவே ஒப்பிடுங்கள். இருபதாயிரம் மரபணுக்களை 0.05 வரம்பில் சோதித்தால் தற்செயலாகவே ஆயிரம் தேறிவிடும். அப்படித் தவறாகத் தேறுபவற்றின் விகிதத்தைக் கட்டுப்படுத்தத்தான் பெஞ்சமினி–ஹாக்பெர்க் திருத்தம். ஆனால் இவ்வளவு மாதிரிகள் இருக்கும்போது திருத்தத்துக்குப் பிறகும் பாதி மரபணுத்தொகை 'முக்கியம்' என்று வந்து நிற்கும். எனவே 'மாற்றம் பூஜ்யமா இல்லையா' என்று கேட்காமல் 'மாற்றம் இருமடங்குக்கு மேலா' என்று கேளுங்கள். டெஸெக்2-இல் இந்த வரம்பைச் சோதனைக்குள்ளேயே கொடுக்கலாம். முடிவு வந்த பிறகு வெட்டுவதைவிட அது நேர்மையான வழி.

முதல் கழித்தல்: கொழுப்பு

இப்போது 'குறைந்தவை' பட்டியலின் உச்சியைப் பாருங்கள். அடிபோனெக்டின், லெப்டின், பெரிலிபின்-1, எஃப்ஏபிபி4 என்று வரிசையாக நிற்கும். புற்றுநோய் இவற்றை அணைத்துவிட்டது என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். இயல்பான மார்பகத்தில் பெரும்பங்கு கொழுப்புத் திசு. கட்டியில் எபிதீலியச் செல்களும் நார்த்திசுவும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. கொழுப்புச் செல்லின் மரபணு எதுவும் அணையவில்லை, கொழுப்புச் செல்தான் அங்கு குறைவு. முழுத் திசுவை அரைத்து ஆர்என்ஏ எடுத்த பிறகு இந்த இரண்டையும் பிரித்தறிவது, அரைத்த சட்னியை நக்கிப் பார்த்து எந்த மிளகாய் உறைத்தது என்று சொல்வதற்கு ஒப்பானது.

இந்தக் குழப்பம் மாணவர்களோடு நின்றுவிடுவதுமில்லை. பெரூ குழு முதலில் கண்ட பிரிவுகளில் 'இயல்பை ஒத்தது' என்று ஒன்று இருந்தது. கொழுப்புத் திசுவின் மரபணுக்கள் அதில் ஓங்கியிருந்தன. கட்டியோடு இயல்பான திசு அதிகம் கலந்த மாதிரிகள்தான் அப்படித் தனிக் குழுவாகத் தெரிந்தன என்று பின்னர் பலர் கருதினார்கள்.

கழிப்பதற்கு மூன்று வழிகளை நான் சொல்லித் தருகிறேன். முதலாவது எளியது: உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு மரபணுவும் அடிபோனெக்டினோடு எவ்வளவு ஒத்து ஏறி இறங்குகிறது என்று, இயல்பான மாதிரிகளுக்குள் மட்டும் பாருங்கள். பலமாக ஒத்துப்போனால் அது கொழுப்பின் நிழல். இரண்டாவது, எஸ்டிமேட் போன்ற கருவியால் கட்டியின் தூய்மையை, அதாவது மாதிரியில் புற்றுச் செல்களின் பங்கை, கணித்து அதை ஒரு காரணியாகச் சேர்ப்பது. மூன்றாவது எனக்குப் பிடித்தது: இயல்பான திசுவோடு ஒப்பிடுவதையே விட்டுவிட்டு, ஒரு வகைக் கட்டியை இன்னொரு வகைக் கட்டியோடு ஒப்பிடுவது. மருத்துவருக்கும் பெரும்பாலும் அந்தக் கேள்விதான் உதவும். கட்டியா இல்லையா என்பதை நுண்ணோக்கி முன்னமே சொல்லிவிடுகிறது அல்லவா?

'கூடியவை' பட்டியலிலும் இதே வினாவை எழுப்புங்கள்: இது யாருடைய ஆர்என்ஏ? எம்எம்பி11, கொலாஜன் 10, கொலாஜன் 11 ஆகியவை அங்கே உச்சியில் நிற்கும். மாற்றம் உண்மையானதுதான். ஆனால் எம்எம்பி11 மரபணுவை வெளிப்படுத்துபவை முக்கியமாகக் கட்டியைச் சூழ்ந்த நார்த்திசுச் செல்கள். 1990-இல் ஸ்ட்ராஸ்பூர்க் ஆய்வாளர்கள் அதை முதலில் விவரித்தபோதே இது தெரிந்திருந்தது. 'புற்றுச் செல் எம்எம்பி11-ஐ மிகுதியாக உற்பத்தி செய்கிறது' என்று ஒருவர் எழுதினால் ஒரே வாக்கியத்தில் செல்லை மாற்றிவிட்டார் என்று பொருள். சந்தேகம் வந்தால் தனிச்செல் தரவைப் பாருங்கள். சிட்னியின் கார்வன் நிறுவனத்தார் 2021-இல் 26 கட்டிகளிலிருந்து வெளியிட்ட தொகுப்பு இதற்குக் கைகொடுக்கும். சுவீடனின் மனிதப் புரத வரைபடத் தளத்தில் சாயமேற்றிய திசுப் படங்களையும் பார்க்கலாம். நிறம் எந்தச் செல்லில் ஏறியிருக்கிறது என்பதைக் கண்ணாலேயே காணலாம்.

இரண்டாம் கழித்தல்: செல் பிரியும் வேகம்

நோயாளி எவ்வளவு காலம் உயிர்வாழ்ந்தார் என்பதோடு உங்கள் மரபணுக்களைப் பொருத்தி, இரண்டு கோடுகள் பிரியும் கப்லான்–மையர் வரைபடம் போட்டீர்கள். பி-மதிப்பு 0.001. மகிழ்ச்சி. இப்போது அதே அளவுள்ள மரபணுக் கூட்டங்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஆயிரம் முறை பொறுக்கி, அவற்றுக்கும் அதே வரைபடம் போடுங்கள்.

2011-இல் பிரஸ்ஸல்ஸ் நகரத்தின் டேவிட் வெனே குழுவினர் இதைத்தான் செய்தார்கள். உணவுக்குப் பின் சிரிப்பவர்களின் இரத்தத்தில் மாறும் மரபணுக்கள், எலிகளின் மூளையில் சமூகத் தோல்வி ஏற்படுத்தும் மாற்றங்கள் என்று புற்றுநோய்க்குத் தொடர்பே இல்லாத பட்டியல்களை எடுத்து மார்பகப் புற்றுநோய்த் தரவில் ஓட்டினார்கள். அவையும் நோயின் போக்கை 'முன்னறிவித்தன'. நூறு மரபணுக்களுக்கு மேல் உள்ள தற்செயல் கூட்டங்களில் மிகப் பெரும்பாலானவையும் அப்படியே. செல் பிரியும் வேகம் மரபணுத்தொகையில் மிகப் பரவலாக எதிரொலிக்கிறது. எந்தப் பிடியை அள்ளினாலும் அதில் கொஞ்சம் வந்துவிடும். வேகமாகப் பிரியும் கட்டி மோசமாக நடந்துகொள்ளும் என்பது நெடுங்காலமாக நோயியல் அறிந்ததுதான்.

எனவே உங்கள் பட்டியல் ஆயிரம் தற்செயல் பட்டியல்களில் பெரும்பாலானவற்றை வெல்ல வேண்டும். அதோடு, எம்கேஐ67, டிஓபி2ஏ, சிசிஎன்பி1 போன்ற பிரிதல் மரபணுக்களின் சராசரியைப் புள்ளியியல் சமன்பாட்டில் சேர்த்த பிறகும் அதன் தொடர்பு நிற்க வேண்டும். நிற்காவிட்டால், நீங்கள் அளந்தது எம்கேஐ67-ஐ வேறு பெயரில்.

பிரிதல் மரபணுக்களைப் பயனற்றவை என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். கீமோதெரபி தேவையா என்று முடிவெடுக்க உதவும், 21 மரபணுக்களை அளக்கும் ஆன்கோடைப் டிஎக்ஸ் சோதனையில் 16 புற்றுநோய் தொடர்பானவை, 5 ஒப்பீட்டுக்கானவை. மதிப்பெண் சூத்திரத்தில் மிகப் பெரிய எடை, 1.04, பிரிதல் குழுவுக்குத்தான். ஈஸ்ட்ரோஜன் குழுவுக்குக் கழித்தல் 0.34. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்று 2018-இல் முடிவு வெளியான டெய்லர்எக்ஸ் ஆய்வு, நடுத்தர மதிப்பெண் பெற்றவர்களில் பெரும்பாலோர்க்கு ஹார்மோன் சிகிச்சையோடு கீமோதெரபியைச் சேர்ப்பதில் கூடுதல் பலன் இல்லை என்று காட்டியது. ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களில் சிலருக்கு மட்டும் ஓரளவு பலன் தெரிந்தது. பழைய மரபணுக்களை வைத்துக்கொண்டே கீமோதெரபியிலிருந்து எத்தனையோ பெண்களை விடுவித்த ஆய்வு இது. புதிதாகக் கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்ளாமலும் நல்ல வேலை செய்யலாம்.

மிஞ்சியதை என்ன செய்வது

இரண்டு கழித்தலுக்கும் பிறகு ஆயிரம் சுருங்கி ஐம்பதாகியிருக்கும். சோர்ந்துவிடாதீர்கள், இப்போதுதான் படிக்கத் தகுந்த பட்டியல் கிடைத்திருக்கிறது. அதை வேறொரு தொகுப்பில் சரிபாருங்கள். பிரிட்டனிலும் கனடாவிலும் சுமார் 2,000 கட்டிகளை அளந்த மெட்டாபிரிக் இருக்கிறது. அது மைக்ரோஅரே என்பதால் எண்களை ஒப்பிடாமல் மாற்றத்தின் திசையை ஒப்பிடுங்கள். ஆர்என்ஏ வரிசைப்படுத்தலே வேண்டுமென்றால் சுவீடனின் ஸ்கேன்-பி திட்டத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் பொதுவெளியில் உள்ளன. இரண்டு தொகுப்புகளையும் ஒன்றாகக் கலந்து ஒரே கணக்காகச் செய்யாதீர்கள். தனித்தனியே செய்து முடிவுகளை ஒப்பிடுங்கள்.

டிசிஜிஏ தொகுப்பில் பெரும்பாலோர் வெள்ளை இன அமெரிக்கப் பெண்கள், மற்ற இரண்டும் வட ஐரோப்பாவையும் கனடாவையும் சார்ந்தவை. முடிவுரையில் 'இந்தியப் பெண்களுக்கு' என்று எழுதும் ஆசையை இங்கே அடக்கிக்கொள்ளுங்கள்.

எழுதும்போது வினைச்சொல்லில் கவனம் வேண்டும். 'இந்த மரபணு புற்றுநோயைத் தூண்டுகிறது' என்று வெளிப்பாட்டுத் தரவு ஒருபோதும் சொல்லாது. 'இந்த வகைக் கட்டித் திசுவில் அதன் தூது ஆர்என்ஏ இத்தனை மடங்கு கூடுதலாகக் காணப்பட்டது' என்பதே அது சொல்வது. ஆர்என்ஏ கூடினால் புரதமும் கூடும் என்றும் எழுதாதீர்கள், சில நேரங்களில் கூடுவதில்லை. பின்னிணைப்பில் உங்கள் ஆர் நிரலை முழுமையாக வையுங்கள். டெஸெக்2-இன் பதிப்பு எண், தரவு இறக்கிய தேதி, நீக்கிய மாதிரிகளின் பட்டியல், ஒவ்வொன்றையும் ஏன் நீக்கினீர்கள் என்ற ஒரு வரி ஆகியவையும் இருக்கட்டும். கொழுப்போடு சேர்த்துக் கழித்த மரபணுக்களின் பட்டியலையும் இணையுங்கள். நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.