உணர்திறன் மிக்க சருமத்திற்கு மேக்கப் பிரஷ்: இழையின் முனையைப் பார்த்து வாங்குங்கள்

பவுடரையும் பவுண்டேஷனையும் மாற்றி மாற்றிப் பார்த்தும் கன்னத்தில் எரிச்சலும் சிவப்பும் தீராதவர்கள், அவற்றைப் பூசும் பிரஷின் மீதும் ஒருமுறை சந்தேகப்படலாம். எக்ஸிமா (அரிப்புடன் தோல் அழற்சி), ரோசேசியா (முகம் சிவந்துபோதல்) போன்ற தோல் தொல்லை உள்ளவர்களுக்கும், எளிதில் வறண்டு போகும் சருமத்தினருக்கும், மற்றவர்கள் உணராத சிறு உராய்வே போதும். இத்தகையோருக்குச் செயற்கை இழை பிரஷ்தான் ஏற்றது என்று சொல்வது பெரும்பாலும் சரியே. ஆயினும் உறையில் ‘சிந்தெடிக்’ என்று அச்சிட்டிருப்பதால் மட்டும் ஒரு பிரஷ் மென்மையாகிவிடாது.

ஆட்டு முடியும் அணில் முடியும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனவை. ஒவ்வொரு முடியின் மேலும் நுண்ணிய செதில்கள் உண்டு. பவுடரை நன்றாகப் பிடித்துவைக்கும் அதே செதில்கள் எண்ணெயையும் அழுக்கையும் பிடித்துவைக்கின்றன. நைலான், பாலியெஸ்டர், பாலியெஸ்டர் வகையைச் சேர்ந்த பிபிடி ஆகியவற்றால் செய்த இழைகளில் செதில் இல்லை. அவை நீரை உறிஞ்சுவதும் மிகக் குறைவு என்பதால், கழுவினால் விரைவாகச் சுத்தமாகும், விரைவாகக் காயும். அடிக்கடி கழுவியாக வேண்டிய சருமத்தினருக்கு இதுவே பெரிய அனுகூலம்.

மென்மையைத் தீர்மானிப்பது இழையின் முனை. நல்ல இழைகளின் நுனியை ரசாயன முறையில் கரைத்து ஊசிபோல் மெலிதாக்குகிறார்கள். பிறகு, அந்த நுனிகள் சிதையாதபடி, வேண்டிய வடிவம் அடியிலிருந்தே அமையுமாறு இழைகளை அடுக்கிக் கட்டுகிறார்கள். மலிவான பிரஷ்களில் இழைகளைக் கட்டியபின் கத்தரித்து வடிவம் கொடுப்பதும் உண்டு. அப்போது மெலிந்த நுனி வெட்டுப்பட்டு, மொட்டையான முனை மட்டுமே மிஞ்சும். கையால் தடவும்போது பட்டுப்போல் இருக்கும் பிரஷ், முகத்தில் குத்துவதற்கு இதுவே காரணம். தடவும்போது விரல் படுவது இழையின் பக்கவாட்டில். முகத்தில் படுவதோ முனை.

ஆகவே கடையில் பிரஷைத் தடவிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், முன்கையின் உட்புறத்தில் நேராக நிறுத்தி மெல்ல அழுத்திச் சுழற்றிப் பாருங்கள். ஒரே ஓர் இடத்தில் சுருக்கென்று பட்டாலும் அதை வாங்காமல் திரும்ப வைத்துவிடலாம். ஆனால் பலரும் தொட்டுப் பார்த்த சாம்பிள் பிரஷை முகத்தில் வைத்துப் பார்க்க வேண்டாம். தட்டையாக, மிக நெருக்கமாகக் கட்டிய பிரஷ் சருமத்தைத் தேய்க்கும். சற்றே தளர்வாக, குவிந்த தலையோடு இருப்பது பவுடருக்கு நல்லது.

இழையையும் கைப்பிடியையும் இணைக்கும் உலோகப் பூணையும் கவனியுங்கள். கவரிங் கம்மல் போட்டால் காது அரிப்பவர்களுக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்கக்கூடும்; நிக்கல் முலாம் பூசிய பூண், குறிப்பாகக் கண்ணிமைக்கான குட்டைப் பிரஷில், தோலில் உரசும். அழகான வண்ண இழைகளைவிடச் சாயமிடாத வெள்ளை இழையே பாதுகாப்பு. சாயமிட்டதை வாங்கிவிட்டால், ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்து, சாயம் ஒட்டினால் முகத்திற்குப் பயன்படுத்தாதீர்கள்.

புதிய பிரஷையும் கழுவிய பிறகே பயன்படுத்த வேண்டும். அதன்பின் 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை, வாசனை சேர்க்காத மென்மையான சோப்பாலும் வெதுவெதுப்பான நீராலும் கழுவுவது போதும். பலரும் கைகாட்டும் குழந்தை ஷாம்புவிலும் வாசனைப் பொருள் இருக்கக்கூடும் என்பதால், அதன் லேபிளைப் படிக்காமல் நம்பிவிட வேண்டாம். இழைகளில் தங்கும் சோப்பே எரிச்சல் தரும். நுரை முழுவதும் போகும்வரை அலசுங்கள். பூணுக்குள் நீர் இறங்கினால் பசை இளகி இழை உதிரும். எனவே தலை கீழ்நோக்கி இருக்கும்படி கழுவி, மேசை விளிம்பில் தலை வெளியே நீட்டியபடி படுக்க வைத்துக் காயவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சிவப்பு நீடித்தால், 2 வாரம் பிரஷைத் தொடாமல் அதே பொருள்களைக் கழுவிய விரலால் பூசிப் பாருங்கள். அப்போதும் குறையவில்லையென்றால், சந்தேகத்தைப் பூசும் பொருள்களின் பக்கம் திருப்பி, தோல் மருத்துவரிடம் அவற்றைக் கொண்டுபோய் ஒவ்வாமைப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.