ஓ லெவல் வேதியியல்: முதலில் மோல் கணக்கு

ஓ லெவல் வேதியியலுக்கு நாள் குறைவாக இருந்தால் மோல் (பொருளின் அளவைச் சொல்லும் அலகு) கணக்கில் தொடங்குங்கள். 5 கிராம் கால்சியம் கார்பனேட் எவ்வளவு வாயு தரும் என்று பார்ப்போம்: 5 கிராமை, அதன் ஒரு மோலின் நிறையான 100 கிராமால் வகுத்தால் 0.05 மோல். மிகையான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது தருவதும் 0.05 மோல் கார்பன் டை ஆக்சைடு. அறை வெப்பநிலையில் ஒரு மோல் வாயு 24 கன டெசிமீட்டர். ஆக, 0.05-ஐ 24-ஆல் பெருக்கினால் விடை 1.2 கன டெசிமீட்டர் வாயு. சமன்பாட்டைச் சமன் செய்த பிறகே கணக்கில் இறங்குங்கள், மதிப்பெண் நழுவுவது அங்கேதான்.

அப்புறம் அயனிச் சோதனை, அதாவது கரைசலில் எந்த அயனி இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. துத்தநாகம், அலுமினியம் இரண்டின் அயனிகளும் தரும் வெள்ளை வீழ்படிவு (கரையாமல் படியும் திடப்பொருள்) மிகையான சோடியம் ஹைட்ராக்சைடில் கரையும். மிகையான அம்மோனியாவில் துத்தநாகத்தினுடையது மட்டுமே கரையும். ஏன் இப்படிச் சோதிக்கிறோம் என்று வீட்டில் அம்மாவுக்குத் தமிழில் விளக்கிப் பாருங்கள். ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தது எங்கே புரியவில்லை என்பது உடனே தெரிந்துவிடும். அணு நிறைகளை உருப்போட வேண்டாம், தனிம அட்டவணையைத் தேர்விலேயே தருவார்கள்.