சிமுலேஷன் வகுப்பெடுக்கும் டாக்டர்கள் எங்கே சறுக்குகிறோம்

என் தவறிலிருந்தே ஆரம்பிக்கிறேன், மற்றவர்களைக் குறை சொல்ல அப்புறம் நிறைய நேரம் இருக்கிறது.

ராமநாதபுரம் கடற்கரையோரம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. கேஷுவாலிட்டிக்குப் பக்கத்து அறையில் பொம்மையை நோயாளியாகப் படுக்கவைத்து சிமுலேஷன், அதாவது அவசர கேஸை நடித்துப் பழகும் வகுப்பு, நடத்தினேன். கதை இதுதான்: நாற்பது வயது மீனவர், விடியற்காலையில் வலையிலிருந்து மீனைப் பிரிக்கும்போது கையில் ஏதோ சுருக்கென்றது, பெரிதாக வலிக்கவில்லை, அவரும் கண்டுகொள்ளவில்லை. கரை சேரும்போது உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி, இமை தொங்குகிறது, சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போகிறது. கடல் பாம்பு. டியூட்டியில் இருந்த ஹவுஸ் சர்ஜனுக்குப் பாம்பு என்ற சந்தேகம் வந்ததுமே ஏஎஸ்வி, அதாவது பாம்பு விஷமுறிவு மருந்து, பத்து வயல் (குப்பி) எடுத்துவரச் சொல்லிவிட்டார். நம் நாட்டு ஏஎஸ்வி நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கு தரைப் பாம்புகளுக்கானது. கடல் பாம்பு விஷத்தை அது முறிக்காது. மூச்சைத் தாங்கிப் பிடிப்பதும் கிட்னியைக் காப்பாற்றுவதும்தான் அங்கே வேலை.

முடிந்து எல்லோரும் வட்டமாக உட்கார்ந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "ஏஎஸ்வி கேட்டீங்களே, அதுல என்ன தப்பு?" அமைதி. "யோசிங்க தம்பி. எங்க வச்சுக் கடிச்சுது?" மறுபடியும் அமைதி. பிறகு இருபது நிமிடம் கடல் பாம்பு விஷத்தைப் பற்றி நானே பேசித் தீர்த்தேன், எல்லோரும் தலையாட்டினார்கள், நல்ல வகுப்பு என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். டீ குடிக்கும்போது ஒரு ஸ்டாஃப் நர்ஸ், மீனவக் குடும்பத்துப் பெண், தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், அது கடல் பாம்புன்னு எனக்கு அப்பவே தோணுச்சு சார். எங்க சொந்தத்துல ஒருத்தருக்கு இப்படித்தான் ஆச்சு. டாக்டர் ஆர்டர் போட்டுட்டாங்க, நான் எப்படி சார் குறுக்க பேசுறது?"

அந்த அறையில் அன்றைக்குப் பேச வேண்டியிருந்த ஒரே விஷயம் அது. விஷத்தைப் பற்றிப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். தெரிந்தவர் வாய் திறக்காததும், திறக்க இடம் கொடுக்காத டாக்டரும் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அதைக் கண்ணால் பார்க்கத்தானே சிமுலேஷன். நான் பேசியே அதை மூடிவிட்டேன்.

நல்ல டாக்டராக இருந்தால் போதும், சிமுலேஷனும் நன்றாக எடுத்துவிடலாம் என்று நினைப்பதுதான் தாய்த் தவறு, மற்றதெல்லாம் அதன் பிள்ளைகள். நாம் எல்லோரும் ரவுண்ட்ஸில் வளர்ந்தவர்கள். சீஃப் கேட்பார், நாம் முழிப்போம், அடுத்தவனைப் பார்ப்பார். அந்தப் பழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பொம்மைக்குப் பக்கத்தில் வைக்கிறோம். என் மனதில் ஒரு பதில் இருக்கிறது, அதை நீ கண்டுபிடி என்ற மாதிரிக் கேள்வி வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்குச் சரி, சிமுலேஷன் முடிந்ததும் நடந்ததைக் கூடிப் பேசும் டீப்ரீஃபிங்குக்கு விஷம்.

இதற்கு மாற்று ஒன்றும் ரகசியமில்லை. பாஸ்டனில் உள்ள சிமுலேஷன் மையத்தைச் சேர்ந்த ஜென்னி ருடால்ஃபும் உடன் இருந்தவர்களும் 2006-இல் எழுதிய கட்டுரையின் சாரம் ரொம்ப எளிமை: பார்த்ததைச் சொல், அதைப் பற்றி உனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல், பிறகு அவர் மனதில் என்ன ஓடியது என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேள். நம் பேச்சில் இப்படி வரும்: "நீங்க வந்த ரெண்டாவது நிமிஷமே ஏஎஸ்வி கேட்டீங்க. எனக்குக் கொஞ்சம் பயமா இருந்துச்சு, ஏன்னா இது கடல் பாம்பா இருந்தா அது உதவாது, அந்த நேரத்துல மூச்சு நின்னுடும். உங்க மனசுல அப்போ என்ன ஓடிச்சு?" கேட்டுவிட்டு வாயை மூட வேண்டும். இந்த வாயை மூடுவதுதான் கஷ்டம். மூன்று விநாடி அமைதியைத் தாங்க முடியாமல் நாமே பதில் சொல்லிவிடுகிறோம். பதில் வந்தால் ஆச்சரியமாக இருக்கும். "பாம்புன்னா ஏஎஸ்வி லேட் பண்ணக்கூடாதுன்னு போன மாசம் திட்டு வாங்கினேன் சார்" என்று ஒருவர் சொன்னால் தப்பு அறிவில் இல்லை, நாம் திட்டிய திட்டில் இருக்கிறது என்று புரியும்.

இதன் மறுபக்கத் தவறும் உண்டு. சிலர் மனம் நோகக்கூடாது என்று எல்லாவற்றையும் சர்க்கரைப் பாகில் முக்கி, "சூப்பரா பண்ணீங்க" என்று முடித்துவிடுவார்கள். பொம்மை செத்துக் கிடக்கும், சூப்பர் என்பார்கள். அதையும் யாரும் நம்புவதில்லை.

சிஸ்டர் விஷயத்துக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் தலைமை என்பதை நாம் தப்பாகவே சொல்லிக்கொடுக்கிறோம். இங்கிலாந்தில் 2005-இல் எலைன் பிரமிலி என்ற பெண்ணுக்கு ஒரு சாதாரண ஆபரேஷனுக்காக மயக்க மருந்து கொடுத்தார்கள், மூச்சுவிட வைக்கும் குழாயைத் தொண்டைக்குள் வைக்க முடியவில்லை. அனுபவமுள்ள டாக்டர்கள் குழாயை வைத்தே தீருவது என்று அதிலேயே மூழ்கிப்போனார்கள். தொண்டையில் துளை போடும் சாமானை நர்ஸ் எடுத்துவந்து தயார் என்றும் சொன்னார். அது அவர்கள் காதில் ஏறவேயில்லை. அந்தப் பெண் இறந்துபோனார். அவர் கணவர் மார்ட்டின் பிரமிலி ஒரு விமானி. யாரையும் தூக்கில் போடச் சொல்லாமல், இது எப்படி நடந்தது என்று கேட்டுக்கொண்டே போனார், அதனால்தான் இன்றைக்கு உலகம் முழுக்க மயக்கவியல் டாக்டர்கள் அந்தக் கதையைப் படிக்கிறார்கள். விமானிகளுக்கு இது ஏற்கெனவே பட்டு வந்த புத்தி: 1977-இல் ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தபோது, வழி இன்னும் காலியாகவில்லையோ என்ற சந்தேகம் ஒரு விமானத்தின் இன்ஜினீயருக்கு இருந்தது, கேட்டும் பார்த்தார், கேப்டன் அதைத் தள்ளிவிட்டார். விமானிகள் அதற்கெல்லாம் சேர்த்துப் போட்ட குழுப் பயிற்சியைத்தான் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் டேவிட் காபா என்ற மயக்கவியல் டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுவந்தார்.

இவ்வளவு தெரிந்தும் நாம் என்ன செய்கிறோம்? டாக்டர்களை மட்டும் கூப்பிட்டு வகுப்பு நடத்துகிறோம். ஒரு பிஜி (மேற்படிப்பு படிக்கும் டாக்டர்) நர்ஸ் வேஷம் போடுவார், இன்னொரு பிஜி அட்டெண்டர். ராத்திரி ரெண்டு மணிக்கு உங்கள் கேஷுவாலிட்டியில் நான்கு பிஜிக்களா நிற்கிறார்கள்? ஒரு டியூட்டி டாக்டர், ஒரு சிஸ்டர், ஆளிருந்தால் ஒரு வார்டு ஊழியர். அவர்கள்தான் வகுப்பிலும் இருக்க வேண்டும், அவரவர் வேலையிலேயே இருக்க வேண்டும்.

தலைவராக நிற்பவர் செய்யும் பொதுவான தவறு, கையை உள்ளே விடுவது. நெஞ்சை அழுத்த ஆரம்பித்துவிட்டால் மானிட்டரை யார் பார்ப்பது? அதேபோல "யாராவது அட்ரினலின் போடுங்க." யாராவது என்று ஒருவர் எந்த ஆஸ்பத்திரியிலும் வேலை பார்க்கவில்லை. பேர் சொல்லிக் கேட்க வேண்டும், கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும், போட்டதும் போட்டாச்சு என்று குரல் வர வேண்டும். நெஞ்சழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர் என்பதெல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்று என்று சத்தமாகச் சொல்லும் வேலையைத்தான் யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

பொம்மை மோகம் அடுத்தது. விலையுயர்ந்த பொம்மை வாங்கி, ரெக்சின் உறை போட்டு, பூட்டி, சாவியை ஸ்டோர் கீப்பரிடம் கொடுத்து வைத்திருக்கும் இடங்கள் எனக்குத் தெரியும். இந்த உப்புக்காற்றில் அது என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1960-இல் நார்வேயில் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்முண்ட் லேர்டால் கொண்டுவந்த ரெசஸி ஆன் மூச்சுவிடாது, பேசாது, வியர்க்காது. ஆனாலும் உலகத்துக்கே உயிர்மூச்சு ஊதக் கற்றுக்கொடுத்தது.

லேபர் ரூமுக்கு நான் செய்வது இன்னும் மலிவு. அரை லிட்டர் தண்ணீரில் குங்குமத்தைக் கரைத்து, பழைய பாவாடைத் துணியிலும் பஞ்சிலும் கொஞ்சம் தரையிலுமாக ஊற்றிவிட்டு, எவ்வளவு ரத்தம் என்று ஒவ்வொருவரையும் துண்டுச் சீட்டில் எழுதச் சொல்வேன். முதல் தடவை செய்தபோது வந்த சீட்டுகளில் பாதிக்கு மேல் 200, 250. ஒரு அனுபவசாலி மேடம் 150 என்று எழுதி, பிறகு தன் சீட்டைத் தானே கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். கண்ணால் பார்த்து மதிப்பிட்டால் குறைத்தே சொல்வோம் என்பது பழைய சங்கதி; பிரசவத்துக்குப் பிறகான ரத்தப்போக்கு பற்றி 2023-இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் ரத்தத்தை அளந்து, உடனே எல்லாச் சிகிச்சையையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தபோது, கடுமையான விளைவுகள் அறுபது சதவீதம் குறைந்தன. குங்குமத் தண்ணீர் தரையில் கிடக்கும்போது இதைச் சொன்னால் ஏறுகிறது, ஸ்லைடில் போட்டால் தூக்கம் வருகிறது.

ஒரே கதையில் பத்துப் பாடத்தைத் திணிக்காதீர்கள், இரண்டு போதும். சரியாகச் செய்தவர்களுக்கும் கடைசியில் பொம்மையைச் சாகடித்து "வாழ்க்கைன்னா இப்படித்தான்" என்று சொல்லும் சீனியர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம். மரணத்தைச் சொல்லிக்கொடுப்பதே நோக்கமென்றால் அது வேறு வகுப்பு, அதற்கு வேறு தயாரிப்பு.

ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் பேசாமல் நேராகக் கதைக்குள் தள்ளிவிடுவதும் பெரிய தவறு. பொம்மைக்கு எது வரும் எது வராது, எந்த மருந்து நிஜம், போன் பண்ணினால் யார் எடுப்பார்கள் எல்லாம் முதலிலேயே சொல்லியாக வேண்டும். இங்கே இருப்பவர்கள் எல்லோரும் விவரமானவர்கள், நல்லபடியாகச் செய்ய நினைப்பவர்கள் என்ற நம்பிக்கையோடுதான் நடத்துகிறோம் என்பதையும் வாய்விட்டே சொல்ல வேண்டும், சொன்னபடி நடக்கவும் வேண்டும். ஓர் இடத்தில் ஒரு பையன் தடுமாறியதை யாரோ செல்போனில் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். கீழே சிரிப்பு எமோஜியெல்லாம் வேறு. அதற்கப்புறம் அந்த ஆஸ்பத்திரியில் சிமுலேஷன் என்றாலே எல்லோருக்கும் டியூட்டி மாற்ற வேண்டிய அவசரம் வந்துவிடும்.

ஸ்கில் லேபிலேயே முடங்கிவிடுவதும் ஒரு குறைதான். 2022 ஜனவரியில் ராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, நல்லது. ஆனால் ராமேஸ்வரம் தீவிலிருந்து ஒரு நோயாளி அங்கே வர சுமார் 55 கிலோமீட்டர், பாம்பனைத் தாண்ட 1988-இல் திறந்த ஒரே ரோட்டுப் பாலம்தான். மதுரைக்கு அனுப்ப வேண்டுமென்றால் இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல். அப்படியென்றால் இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு நடத்த வேண்டிய கதை, பொம்மையை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி 108-க்குள் வைத்து, ஆக்சிஜன் சிலிண்டர் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டு, போனில் அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஒரு நிமிடத்தில் விவரம் சொல்லும் கதை. நிஜ இடத்தில் நடத்தினால்தான் நிஜ ஓட்டை தெரியும். ஒருமுறை பிரசவ ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் ஆக்சிடோசின் மருந்து வைத்திருக்கும் ஃபிரிட்ஜின் சாவி, டியூட்டி முடித்து வீட்டுக்குப் போன பார்மசிஸ்ட்டின் சட்டைப்பையில் இருந்தது. மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைக்கத் தொண்டையைப் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பின் பேட்டரி செத்திருந்தது இன்னொரு முறை. நிஜ இடத்தில் நடத்தும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை: பயிற்சிக்குக் கொண்டுபோன போலி மருந்தில் பெரிதாகப் பயிற்சிக்கு மட்டும் என்று ஒட்டி, எண்ணிக் கொண்டுபோய், எண்ணித் திரும்ப எடுத்து வாருங்கள். ஒரு வயல் குறைந்தாலும் தேடாமல் அந்த அறையை விட்டு வெளியே வராதீர்கள்.

கடைசியாக, நம்மை யார் பார்ப்பது? இரண்டு நாள் பட்டறை, சர்டிஃபிகேட், குரூப் போட்டோ, அதோடு பயிற்றுநர் ஆகிவிடுகிறோம். அதற்குப் பிறகு நாம் டீப்ரீஃப் செய்வதை ஒருவரும் பார்ப்பதில்லை. கடல் பாம்பு வகுப்புக்கு அப்புறம், எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு, என் டீப்ரீஃபிங்கை மட்டும் ஆடியோவில் பதிய ஆரம்பித்தேன். முதல் பதிவு 24 நிமிடம், அதில் 17 நிமிடம் என் குரல். கேட்கவே கூச்சமாக இருந்தது. இப்போது சக டாக்டர் ஒருவர் மூலையில் உட்கார்ந்து ஒரு தாளில் கோடு போடுகிறார்: நான் கேட்ட கேள்விக்கு ஒன்று, நானே பதில் சொல்லிக்கொண்டதற்கு ஒன்று, டாக்டர் அல்லாதவர் பேசியதற்கு ஒன்று. போன வாரம் மூன்றாவது வரிசையில் ஒன்பது கோடு. இரண்டாவது வரிசையில் இன்னமும் ஐந்து.